மதனப்பள்ளிக்கு வந்த இசையம்மையார்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு இதே மேடையில் நாம் ஒரு பிழை செய்தோம். விழா நிறைவில் நாட்டுப்பண் இசைக்குமுன், "இப்பண்ணுக்கு மெட்டமைத்தவர் நமக்கு அண்மையிலுள்ள மதனப்பள்ளியில் வாழ்ந்த அயர்லாந்துப் பெருமாட்டி ஒருவர்" என்று பெருமிதத்தோடு முழங்கினோம். கைதட்டலும் பெற்றோம். பின்னர்ப் பந்தியில் அமர்ந்திருந்தபோது ஒன்பதாம் வகுப்பில் பயிலும் நம் சங்கத்துச் சிறுமி ஒருத்தி அருகில் வந்தாள். "தாத்தா, அந்தப் பாட்டை 1911லேயே கல்கத்தாவில் பாடிவிட்டார்கள் என்று படித்தேனே, அந்த அம்மா மதனப்பள்ளிக்கு எப்போது வந்தார்கள்?" என்று கேட்டாள். நமக்கு விடை தெரியவில்லை. "பாயசம் வருகிறது, இலையைப் பார் அம்மா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டோம்.

ஓராண்டாக அந்தக் கேள்வி நம் நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது. இவ்வாண்டு உரை நிகழ்த்த வேண்டுமெனச் செயலாளர் கேட்டபொழுது, அக்கடனைத் தீர்ப்பதே முறையென்று துணிந்தோம்.

அவ்வம்மையாரின் பெயர் மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்து நாட்டில் பாயில் என்னும் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் பிறந்தவர். இளமையிலேயே இசையில் நாட்டம் மிக்கவராய் டப்ளின் நகருக்குச் சென்று, 1848இல் நிறுவப்பெற்ற அரச இசைக்கழகத்தில் பயின்றார். 1902இல் அயர்லாந்தின் அரசப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைப் பட்டம் பெற்றார். பெண்கள் பட்டம் பெறுவதே அரிதாயிருந்த காலம் அது. பின்னர் இசை கற்பிக்கும் ஆசிரியப் பணியை மேற்கொண்டார்.

இத்தகைய இசைப் பள்ளிகளை மேலைநாட்டார் 'கன்சர்வட்டோரி' என்பர். அச்சொல்லின் வரலாறு சுவையானது. இத்தாலியில், நேப்பிள்சு போன்ற நகரங்களில் பெற்றோரற்ற குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்த அறநிலையங்களுக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. காத்தல் என்னும் பொருளுடைய சொல் அது. அக்குழந்தைகள் பிழைக்க ஒரு தொழில் வேண்டுமே என்று அங்கே இசை கற்பித்தனர். நாளடைவில் அநாதைக் குழந்தை என்ற பொருள் மறைந்து இசைப்பள்ளி என்ற பொருளே நிலைத்தது. காப்பாற்றுதல் என்னும் பழம்பொருளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

1903இல் ஜேம்ஸ் கசின்ஸ் என்னும் கவிஞரை அம்மையார் மணந்தார். இதன்பின் அவர் வாழ்க்கை பியானோவோடு நின்றுவிடவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென 1908இல் அயர்லாந்தில் ஒரு சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியோருள் ஒருவராக நின்றார். 1910இல் இலண்டனில் கிளர்ச்சி செய்து ஒரு திங்கள் சிறையிருந்தார். 1913இல் சொந்த நாட்டிலேயே மீண்டும் சிறை புகுந்து உண்ணாநோன்பும் இருந்தார். இசைப்பட்டம் பெற்ற கைகள் சன்னற் கண்ணாடிகளை உடைத்தன என்றால் இன்றைய பிள்ளைகள் வியப்பர். அக்காலத்துப் பெண்கள் கேட்டுப் பார்த்தார்கள், எழுதிப் பார்த்தார்கள். எதற்கும் செவிசாய்ப்பார் இல்லாதபோதே கல்லை எடுத்தார்கள்.

1915இல் கணவனும் மனைவியும் கடல் கடந்து சென்னைக்கு வந்தனர். அன்னி பெசன்ட் அம்மையார் நடத்திய 'நியூ இந்தியா' நாளிதழில் ஜேம்சுக்கு வேலை. மறு ஆண்டு அயர்லாந்தில் விடுதலைக் கிளர்ச்சி வெடித்தது. அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையால் அவ்வேலை போயிற்று. அதன்பின் பெசன்ட் அம்மையாரின் முயற்சியால் 1915இல் தொடங்கப்பெற்றிருந்த மதனப்பள்ளிக் கல்லூரிக்கு இருவரும் சென்றனர்.

அந்நாளைய நிலத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1911 ஏப்ரல் முதல் நாளில்தான் சித்தூர் மாவட்டமே உருவாயிற்று. வடஆர்க்காட்டிலிருந்து சில வட்டங்களையும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி முதலியவற்றையும் எடுத்து ஒட்டிய மாவட்டம் அது. தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் பேசப்பட்ட நாடு. நம் ஏர்பேடும் நெடுங்காலம் அம்மாவட்டத்தோடிருந்து, 2022இல் திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது இப்பக்கம் வந்தது. இங்கிருந்து மேற்கே மலைப்பாதையில் ஏறிச் சென்றால், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் மதனப்பள்ளி இருக்கிறது. குளிர்ந்த காற்றுக்குப் பெயர்போன ஊர். அங்கேதான் அயர்லாந்துப் பெண்மணி குடியேறினார். பிழைப்புத் தேடியும் பணி மாற்றம் பெற்றும் பிறமொழி நாட்டில் வந்து குடியேறிய நமக்கு, அவர் நிலை ஒருவாறு விளங்கும்.

இனி இசைக்கு வருவோம். பியானோவில் பயின்ற செவிக்கு நம் இசை எவ்வாறு கேட்டிருக்கும்?

பியானோவில் 88 கட்டைகள் உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி கம்பியைத் தட்டும், ஒலி எழும், எழுந்த கணம் முதலே தேயத் தொடங்கும். ஒரு சட்சத்திற்கும் அடுத்த சட்சத்திற்கும் இடையே பன்னிரண்டு படிகள். படிக்கும் படிக்கும் நடுவே ஒன்றுமில்லை. மாடிப்படி போன்றது அது. நம் வீணையோ, குரலோ, நாகசுரமோ சரிவுப்பாதை போன்றவை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றிற்கு இழைந்து செல்லலாம். நடுவழியில் நின்று அசையலாம். அந்த அசைவிற்கே கமகம் என்று பெயர். நம் ஊரை அடுத்த திருக்காளத்தி இறைவன்மேல் முத்துசுவாமி தீட்சிதர் உசேனி இராகத்தில் ஒரு கீர்த்தனம் இயற்றியுள்ளார். அதைப் பியானோவில் வாசித்துப் பாருங்கள். சுரங்களெல்லாம் இருக்கும், உசேனி இருக்காது.

ஆயின் பியானோவிற்கென ஒரு பேராற்றல் உண்டு. பல சுரங்களை ஒருசேர ஒலித்து, அவ்வொலிக் கட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கிச் செல்லும் கலை அது. மேலையிசையின் மாளிகை அவ்வடித்தளத்தின் மீதே எழுந்தது. அதில் தேர்ந்தவர் தம்புராவின் ஒரே சுருதியைக் கேட்டால், "இதில் மாறுவது ஒன்றுமில்லையே!" என்று சலிப்பது இயல்பு. அந்நாளில் இங்கு வந்த மேலைநாட்டார் பலர் அவ்வாறே சலித்து, நம் இசையை வெற்றொலி என்று எழுதியும் போயினர். கசின்ஸ் அம்மையார் அந்த வழியில் செல்லவில்லை. இங்கிருந்த ஆண்டுகளில் இரு நாட்டு இசையையும் ஒப்ப நோக்கிக் கட்டுரைகள் எழுதினார். அவை 1935இல் 'கீழை மேலை நாடுகளின் இசை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் சென்னையிலேயே நூலாக வெளிவந்தன. ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் முயற்சி என்பதே அந்நூலுக்கு அவர் இட்ட துணைத்தலைப்பின் கருத்து. பட்டம் பெற்றவர் மீண்டும் மாணவராவது எளிதன்று. அதிலும் ஆளும் இனத்தாரின் மொழி பேசுவோர் ஆளப்படுவோரிடம் கற்கச் செல்வது மிக அரிது.

இப்பொழுது அச்சிறுமியின் கேள்விக்கு வருகிறோம்.

'ஜன கண மன' பாடல் 1911 டிசம்பர் 27ஆம் நாள் கல்கத்தாவில் கூடிய காங்கிரசு மாநாட்டில் பாடப்பெற்றது. அடுத்த திங்களே 'தத்துவ போதினி' இதழில் அச்சேறியது. சொல்லும் தாகூருடையது, மெட்டும் தாகூருடையது. அந்நாளில் கசின்ஸ் அம்மையார் அயர்லாந்தில் வாக்குரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தார். ஆகவே, அவர் இப்பண்ணுக்கு மெட்டமைத்தார் என்று நாம் சொன்னது பிழை. மேடையில் சொன்ன பிழையை மேடையிலேயே திருத்துகிறோம்.

எனில், மதனப்பள்ளியில் நடந்தது யாது? 1919 பிப்ரவரித் திங்களில் தென்னாட்டுப் பயணத்தின் இடையே தாகூர் அங்கு வந்து தங்கினார். ஒரு மாலையில் மாணவரும் ஆசிரியரும் கூடிப் பாடிக்கொண்டிருந்தபோது, அவரையும் ஒரு பாடல் பாடுமாறு வேண்டினர். அவர் இதனைப் பாடினார். அவ்வளவு பெரிய உருவத்திலிருந்து அத்தனை மெல்லிய குரல் எழுந்ததை ஜேம்ஸ் கசின்ஸ் வியந்து எழுதியிருக்கிறார். முதலில் நாடுகள், மலைகள், ஆறுகள் என்று பூகோளப் பாடம் போலத் தோன்றியதாம். பின்பு வெற்றி முழக்கம் வந்ததும் அனைவரும் நிமிர்ந்து உட்கார்ந்தனர். மீண்டும் மீண்டும் பாடச் சொல்லி, சிறிது நேரத்தில் தாமும் சேர்ந்து உரக்கப் பாடினர். பாடலின் பொருள் வேண்டுமென்றதும், பிப்ரவரி 28 என நாளிட்டுத் தாகூர் தம் கையாலேயே ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதித் தந்தார். மெட்டை மேலைநாட்டுச் சுரக்குறியீட்டில் எழுதி வைத்தவர் மார்கரெட் கசின்ஸ். அதன்பின் அக்கல்லூரியின் காலை வழிபாட்டுப் பாடலாக அது அமைந்தது.

"அவ்வளவுதானா? எழுதி வைத்தார், அதற்கு இத்தனை பேச்சா?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது நம் செவியில் விழுகிறது. ஐயா, எழுதி வைத்தல் என்பது அத்துணை எளிய செயலன்று.

ஒரு மெட்டைக் கேட்டு எழுதுவோர் மூன்று காரியங்களை ஒருங்கே செய்தல் வேண்டும். எந்தச் சுரம் என்று அறிதல் வேண்டும். அது எத்தனை காலம் நிற்கிறது என்று அளத்தல் வேண்டும். பாடுவோர் தம் குரல் இயல்பால் சேர்த்த அசைவு எது, பாடலுக்கே உரிய அசைவு எது என்று பிரித்தல் வேண்டும். மூன்றாவதே கடினம். இந்தப் பாடல் பெரும்பாலும் நம் சங்கராபரணத்தின் சுரங்களிலேயே நடக்கிறது. மேலைநாட்டாரின் பெரிய சுரவரிசையும் அதுவே. ஆதலின் பியானோ பயின்றவர்க்குப் பழகிய வீடு போன்றது. ஆயின் மாநிலங்களின் பெயர்களை அடுக்கிவரும் பகுதியில் பிரதி மத்தியமம் ஓரிடத்தில் மெல்லத் தலைகாட்டி மறையும். இன்று நம் பள்ளிகளில் பலர் அதைச் சுத்த மத்தியமமாகவே பாடிவிடுகின்றனர். கவனித்துக் கேளாத செவிக்கு அந்த வேறுபாடு தோன்றாது. பயின்ற செவியின் பயன் அத்தகைய இடங்களில்தான் வெளிப்படும்.

வங்காளத்தில் தாகூர் பாடல்களைத் தம் முறையில் சுரப்படுத்தும் வழக்கம் இருந்தது. வங்க எழுத்து அறியாதவர்க்கு அது பயன்படாது. நம் தென்னாட்டிலும் இம்முயற்சி புதிதன்று. சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனங்களை மேலைக் குறியீட்டில் எழுதி 1893இல் சென்னையில் வெளியிட்டார். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சிட்டபோது கமகங்களுக்கென்றே தனித்தனிக் குறிகள் அமைத்தார். அந்த நூல் இன்றேல் தீட்சிதர் கீர்த்தனங்களுள் பல இன்று நமக்குக் கிட்டியிரா. காப்பாற்றுதல் என்று முன்னே சொன்னோமே, அதன் பொருள் இதுவே.

ஆகவே அம்மையாருக்கு உரியது எழுத்தரின் புகழ். இயற்றியவரின் புகழ் அன்று. இல்லாத புகழை ஏற்றினால், உள்ள புகழும் ஐயத்துக்கு இடமாகும். நாம் சென்ற ஆண்டு செய்தது அத்தகைய தீங்கே.

அவருடைய பிற்கால வாழ்வை விரைந்து சொல்லிவிடுகிறோம். அது பிறர் பலர் எழுதிய வரலாறு. 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்ற முன்னின்றார். அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள் சென்னையில் மாண்டேகு துரையிடம் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமெனச் சரோசினி தேவியார் தலைமையில் சென்ற தூதுக்குழுவைத் திரட்டியவர் இவரே. 1921இல் சென்னை மாகாணம் அவ்வுரிமையை வழங்கிற்று. மங்களூரில் பெண்கள் பள்ளித் தலைமை ஏற்றார். சைதாப்பேட்டையில் கௌரவ நீதிபதியாக அமர்ந்தார். 1927இல் பூனாவில் அகில இந்திய மாதர் மாநாடு கூடக் காரணமானார். 1932 டிசம்பரில் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக ஓராண்டு தண்டனை பெற்று வேலூர்ச் சிறையில் இருந்தார். அயர்லாந்தில் ஒரு சிறை, இங்கிலாந்தில் ஒரு சிறை, தமிழ்நாட்டில் ஒரு சிறை! பின்னாளில் வாத நோயுற்றுப் பல்லாண்டு படுக்கையில் இருந்து, 1954 மார்ச் 11ஆம் நாள் மறைந்தார். அதற்கு நான்கு ஆண்டுகட்கு முன், 1950 சனவரி 24ஆம் நாள், அவர் எழுதிவைத்த அப்பாடல் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பெற்றது. அதே ஆண்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய தன்வரலாறும் வெளிவந்தது.

அவர் இசையோடு மட்டும் நின்றிருந்தால் பெரிய இசையறிஞராய் விளங்கியிருப்பாரே என்று ஏங்குவோர் உண்டு. நமக்கு அந்த ஏக்கம் இல்லை. ஒரு மாகாணத்துப் பெண்கள் வாக்களிக்கச் சென்றதற்காகப் பியானோ சில ஆண்டுகள் மூடிக்கிடந்தால் குறையொன்றுமில்லை.

இவருக்கு மறுதலையாக இங்கிருந்து அங்கே சென்று கற்றவரையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி 1931இல் செருமனியின் மியூனிக்கு நகருக்குச் சென்று மேலையிசை பயின்றார். மீண்டு வந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு இசைத்துறையில் பணியாற்றினார். 'தென்னிந்திய இசை' என்னும் பெருநூலைப் பல பகுதிகளாக எழுதினார். 1960களின் நடுவில் நம் திருப்பதிப் பல்கலைக்கழகத்திலும் இசையியல் பேராசிரியராக இருந்தார். மலையின் ஒருபுறம் மேற்கிலிருந்து வந்தவர். மறுபுறம் மேற்கே சென்று திரும்பியவர். நாம் இருவரையும் மறந்து, திருப்பதி என்றால் இலட்டு என்றும், மதனப்பள்ளி என்றால் தக்காளி என்றும் மட்டும் அறிவோம்.

இனி நம் வீட்டுக் கதை ஒன்று. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை இசை வகுப்புக்கு வரும் பெற்றோர் பலரும் கேட்பது கீபோர்டு ஒன்றைத்தான். வானொலி நிலையத்தார் 1940இல் கமகம் இழையாத காரணத்தால் ஆர்மோனியத்தையே விலக்கி வைத்திருந்தனர்; நாம் அவ்வளவு கடுமை காட்டவில்லை, இரண்டு கருவிகள் வாங்கியும் கொடுத்தோம். பிள்ளைகள் கட்டையில் ஒட்டிய எண்களைப் பார்த்து வாசிக்கின்றனர். செவி உறங்குகிறது.

இவ்வாண்டின் தொடக்கத்தில் நம்மிடையே வாழ்ந்த மூதாட்டி ஒருவர் காலமானார். திருமணமாகி இங்கு வந்த நாள்முதல், எவர் வீட்டில் மஞ்சள் நீராட்டோ வளைகாப்போ நடந்தாலும் அவர்தான் பாடுவார். ஆரத்திப் பாட்டு, நலங்குப் பாட்டு, ஊஞ்சற் பாட்டு என முப்பதுக்குக் குறையாமல் அவர் நாவில் இருந்தன. அவற்றின் சொற்களை ஒரு குறிப்பேட்டில் நாம் எழுதி வைத்திருந்தோம். மெட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, "கைப்பேசியில் பதிந்திருக்கிறோம், கவலை வேண்டாம்" என்றனர் இளைஞர். அக்கைப்பேசி நீரில் விழுந்து பழுதாயிற்று, பதிவும் போயிற்று. குறிப்பேட்டில் முப்பது பாட்டுகளின் சொற்கள் இருக்கின்றன. எப்படிப் பாடுவது என்று இன்று அறிந்தவர் அவருடைய இளைய தங்கையார் ஒருவர்தான். அவருக்கும் எல்லாப் பாட்டும் நினைவில் இல்லை.

சென்ற ஆண்டு நம்மைக் கேள்வி கேட்ட அச்சிறுமியே இப்பணியை ஏற்றிருக்கிறாள். மூன்று திங்களாகக் கருவியை மூடிவைத்துவிட்டு, ஆசிரியையிடம் வாய்ப்பாட்டாகச் சரளி வரிசையிலிருந்து பயின்று, கேட்டதைச் சுரப்படுத்தப் பழகி வருகிறாள். ஞாயிறுதோறும் அந்தப் பாட்டியம்மாவின் வீட்டுத் திண்ணையில் இருவரும் அமர்கின்றனர். இதுவரை ஏழு பாட்டுகள் ஏட்டில் ஏறியுள்ளன. நான்காவது பாட்டை அவள் எழுதியபடி பாடிக் காட்டியபோது, பாட்டியம்மா கையமர்த்தி, "அங்கே நிக்காதே கண்ணு, எங்கக்கா அந்த எடத்துல கொஞ்சம் அசைஞ்சு வருவா" என்றார்களாம். அவள் அழித்துவிட்டு மீண்டும் எழுதினாள். அந்த அசைவுக்கு என்ன குறியிடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. ஒரு சிறு அலைக்கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

அந்த ஊஞ்சற் பாட்டை இப்பொழுது அவளே உங்கள் முன் பாடுவாள். பாட்டியம்மா முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள், பிழையிருந்தால் சொல்வார்கள்.